சாரணியர் படையில் மகளைச் சேர்க்கலாமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளியின் சாரணியர் (கைட்ஸ்) படையில் சேரப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் பயிற்சியும் அவ்வப்போது முகாமும் உண்டாம். பத்தாம் வகுப்பு நெருங்கும்போது இது படிப்பைக் கெடுக்கும் என்கிறார் என் கணவர். இதனால் என்னதான் பயன்?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: சகோதரி, சீருடையையும் சான்றிதழையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, படை எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். ஆறு முதல் எட்டுப் பேர் வரை கொண்ட சிறு சிறு அணிகளாகவே படை இயங்குகிறது. ஒவ்வோர் அணிக்கும் அந்த மாணவியரில் ஒருத்தியே தலைவி. வகுப்பறையில் உங்கள் மகள் தன் மதிப்பெண்ணுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அணியிலோ உடனிருக்கும் அத்தனை பேருக்கும் அவள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த இயக்கத்தின் பெரும் பயன் இதுதான் என்பது என் கருத்து. மற்றவை இதைத் தொடர்ந்து வருபவை.

அழகர்கோயில் அடிவாரத்துக்கு ஒருநாள் நடைப்பயணம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்க் குடத்தை யார் எவ்வளவு தூரம் சுமப்பது, பின்தங்கும் சிறுமியோடு யார் சேர்ந்து நடப்பது, எட்டுப் பேருக்கு எத்தனை உழக்கு அரிசி போடுவது என்பதையெல்லாம் பிள்ளைகளே பேசி முடிவு செய்கிறார்கள். சோறு குழைந்துபோனாலும் அதைத்தான் அனைவரும் சாப்பிட்டாக வேண்டும். அப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டவளைத் திட்டித் தீர்ப்பதா, அடுத்த வேளைக்குத் தண்ணீர் அளவைக் குறைப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவள் அணித் தலைவி. நல்ல சாரணிய ஆசிரியை இந்த நேரத்தில் நாலடி தள்ளித்தான் நிற்பார்.

கைத்திறன்களும் வெறும் அலங்காரம் அல்ல. கழுத்தில் கட்டும் அந்த முக்கோணத் துணியையே எடுத்துக்கொள்ளுங்கள்: கையெலும்பு முறிந்தவருக்கு அது அப்படியே தூளியாகப் பயன்படும். அதன் முனைகளை முடியும் சதுர முடிச்சு தட்டையாகப் படிவதால் உடம்பை உறுத்தாது. அதுவும் கழுத்தெலும்பின் மேல் அழுத்தாமல், தோளுக்கு மேலுள்ள குழியில் அமரும்படி கட்டக் கற்றுக்கொடுப்பார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வெயில் தாங்காமல் ஒருவர் மயங்கி விழுந்தால், சுற்றி நின்று சோடாவுக்கு ஓடும் பெரியவர்களைக் காட்டிலும், ஆட்களை விலக்கி, நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்திவிடும் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணால் அவருக்கு நன்மை அதிகம்.

உங்கள் கணவரின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது திரும்ப வேண்டிய திசை வேறு. சில பள்ளிகளில் குடியரசு நாளன்று கொடிக்கம்பத்தருகே வரிசையாக நிற்பதோடு படையின் வேலை முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட படையில் சேர்வதும் சேராததும் ஒன்றுதான். ஆகவே சேர்க்கும் முன் பள்ளிக்கு நேரில் போய், அணிக் கூட்டம் வாரந்தோறும் ஒழுங்காக நடக்கிறதா, பொறுப்பாசிரியை அதற்குரிய பயிற்சி பெற்றவரா, முகாமுக்குப் பெண் ஆசிரியர்கள் இரவும் உடனிருப்பார்களா, பெற்றோரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். பத்தாம் வகுப்பில் முகாம்களை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகள் இதற்கு ஏற்ற காலம்.

கேள்வி: சாரணர் இயக்கம் என்ற வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கத்தை நாம் ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்

பதில்: தொடங்கியவர் பேடன் பவல் என்ற ஆங்கிலப் படைத்தளபதிதான், 1907இல் பிரவுன்சீ தீவில் அவர் நடத்திய முகாமே வித்து. ஆனால் இங்கே தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களை அதில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதால், அன்னி பெசன்ட் 1916இல் சென்னையிலேயே நம் பிள்ளைகளுக்கென ஒரு சாரணர் சங்கத்தை ஏற்படுத்தினார். விடுதலைக்குப் பின் தனித்தனிச் சங்கங்கள் இணைந்து 1950 நவம்பர் 7இல் பாரத சாரண, சாரணியர் இயக்கம் உருவாயிற்று. அதன் வைரவிழாப் பெருந்திரளணி (ஜாம்போரி) 2025இல் மணப்பாறையில்தான் நடந்தது. இதற்கு மேலும் இதை அயலார் சொத்து என்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஐயா.

கேள்வி: சாரணர் ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைக்கும் என்று என் மகனை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க நினைக்கிறேன். சரியா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: ஒதுக்கீடு இருப்பது உண்மை, இடங்கள் மிகக் குறைவு என்பதும் உண்மை. குடியரசுத் தலைவர் விருது போன்ற உயர்நிலைத் தகுதியையும், ஐந்தாண்டுகள் இயக்கத்தில் இடைவிடாது இருந்ததற்கான சான்றையும், தேசிய, மாநில நிகழ்வுகளில் பங்கேற்றதற்கான ஆவணங்களையும் கேட்பார்கள். எழுத்துத் தேர்வும் உண்டு. நுழைவு நிலையிலிருந்து, குடியரசுத் தலைவர் விருதுக்கு முந்தைய படியான ஆளுநர் விருது வரை ஒவ்வொரு படிக்கும் பல மாதங்கள் ஆகும் என்பதால், ஒன்பதாம் வகுப்பில் சேர்பவன் பள்ளிப் படிப்போடு நிறுத்தாமல் இளைஞர்களுக்கான மூத்த பிரிவில் திரிசாரணனாகவும் (ரோவர்) தொடர வேண்டியிருக்கும். வேலையை மட்டுமே எண்ணிச் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். பையனுக்கே விருப்பம் இருந்தால் சேர்த்துவிட்டு, முதல் முகாமிலிருந்தே சான்றிதழ்களைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.