மூவருக்கும் ஒரே பாட்டு வாத்தியார் போதுமா?

கேள்வி: என் மகள் கர்நாடக சங்கீதம் கற்கிறாள். தம்பி உறுமி மேளக் குழுவில் பாடுகிறான், தைப்பூசம் முடிந்தால் ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொள்ளும். நான் கோயில் பஜனையில் பாடுகிறேன். மூவரும் ஒரே ஆசிரியரிடம் போகலாமா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: போகலாம், ஆனால் மூவருக்கும் ஒரே பாடத்தை நடத்துகிறவர் என்றால் வேண்டாம். மகளுக்கு சரளி வரிசையும் (ஸ்வரங்களை வரிசையாகப் பாடும் முதல் பாடம்) அகார சாதகமும்தான் (‘ஆ’ என்று இழுத்துப் பாடும் பயிற்சி) அடித்தளம், அதில் கைவைக்காதீர்கள். சுருதி மட்டும் அவளுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் சுருதி உயரும். பெண் குரலுக்குப் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டை சரிப்படும், வாத்தியார் ஆண் என்பதற்காக அவருடைய ஒரு கட்டையில் பிள்ளையை முனகவிடுவது (நிறைய நடக்கிறது) கொடுமை.

தம்பி விஷயம்தான் அவசரம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடியோடு போகும்போது உறுமிச் சத்தத்தை மிஞ்சிக் கத்தினால் குரல்நாண்கள் பலமாக மோதி வீங்கும், இது வருஷக்கணக்கில் தொடர்ந்தால் உள்ளங்கையில் காய்ப்பு விழுவதுபோல அங்கேயும் முடிச்சு விழலாம். அவனுக்கு ராகம் சொல்லித் தருகிறவர் வேண்டாம், கழுத்தை இறுக்காமல் மூச்சைச் சீராக விட்டு உரக்கப் பாடக் கற்றுத் தருகிறவர் வேண்டும். பாடுமுன் ஒரு ஸ்ட்ராவை உதட்டில் கவ்வி, அதன் வழியாக ‘ஊ’ என்று கீழிருந்து மேலே மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள், தொண்டை சிரமமில்லாமல் தயாராகும். அப்புறம் மைக்கை வாயருகே பிடிக்கட்டும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் பனங்கற்கண்டை நம்பிக்கொண்டிராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கா? பஜனையில் முதலில் எடுத்துப் பாடுகிறவரின் சுருதி உயரமாக இருந்தால் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். தனி வகுப்புக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.