1500 மீட்டர், 7 நிமிடம்: ஓட்டத் தேர்வு கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் காவலர் போன்ற வேலைகளுக்கான ஓட்டத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் காலையில் கிரவுண்டில்தான் நிற்கிறேன். தூரம், நேரம், மதிப்பெண் எல்லாம் அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறக்கூடும். உங்கள் அறிவிக்கையை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

ஒரத்தநாட்டிலிருந்து: சார், போன தடவை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடம் 9 நொடியில் முடித்தேன். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். 9 நொடியில் எல்லாம் போச்சு. முதல் ரவுண்டு 1 நிமிடம் 20 நொடியில் வந்தேன், கடைசியில் கால் எழும்பவே இல்லை. எங்கே விட்டேன்?

முதல் ரவுண்டில் விட்டீர்கள் தம்பி. 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் 400 மீட்டர் ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 நொடி. நீங்கள் அதைவிட 32 நொடி வேகமாகப் போயிருக்கிறீர்கள். அவ்வளவு வேகத்தில் தசை கேட்கிற ஆக்சிஜனை நுரையீரலும் இதயமும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அந்தப் பற்றாக்குறையோடு ஓடிய கால் ஓடிக்கொண்டே தேறாது, கனத்துப்போகும். கணக்கைப் பாருங்கள்: மீதி 1100 மீட்டருக்கு உங்களுக்கு 5 நிமிடம் 49 நொடி ஆகியிருக்கிறது, 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 32 நொடி. தொடக்கத்திலிருந்து கடைசி வரை 28 நொடி வைத்து ஓடியிருந்தாலே தேறியிருப்பீர்கள்.

ஆகவே ஒரே ஒரு எண்ணை உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்: 100 மீட்டருக்கு 27 நொடி. பதினைந்து தடவை 27 நொடி என்றால் 6 நிமிடம் 45 நொடி, கையில் 15 நொடி மிச்சம். கிரவுண்டில் 100 மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, ஒவ்வொரு குச்சியிலும் கடிகாரத்தைப் பாருங்கள். 24 நொடியில் வந்துவிட்டால் அதுவும் தப்புதான், வேகத்தைக் குறையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் கடிகாரம் பார்க்காமலே அந்த வேகம் காலுக்குத் தெரிந்துவிடும். தேர்வு நாளில் விசில் ஊதியதும் கூடவே நிற்பவர்கள் பாய்வார்கள். பாயட்டும். இரண்டாவது ரவுண்டின் முடிவில் அவர்களில் பாதிப் பேர் உங்களுக்குப் பின்னால் இருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1500 மீட்டர் உலக சாதனை 3 நிமிடம் 26 நொடி, 1998இல் மொராக்கோவின் எல் குரூஜ் ஓடியது. உங்களிடம் கேட்பது அதைப்போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலான நேரம். நோய் நொடி இல்லாத இருபது வயசுப் பையனுக்கு இது எட்டாத உயரம் இல்லை. 9 நொடி என்பது ஒரு வருஷத்துப் பிரச்சினையும் இல்லை, இரண்டு மாத வேலை.

குடவாசலிலிருந்து: எங்கள் ஊரில் 400 மீட்டர் டிராக் கிடையாது. செல்போன் செயலியில் தூரம் பார்த்து ஓடலாமா?

நேர் சாலையில் ஓடினால் ஓரளவு சரியாகக் காட்டும். சின்ன கிரவுண்டில் திரும்பித் திரும்பி ஓடினால் தூரம் தப்பாக வரும், அதை நம்பி ஏமாறாதீர்கள். கொத்தனாரிடம் 30 மீட்டர் டேப் இருக்கும். கேட்டு வாங்கி, வாய்க்கால் கரையில் ஐம்பது தடவை வைத்தால் சரியாக 1500 மீட்டர். ஒரு நாள் மாலை நண்பரோடு சேர்ந்து இதைச் செய்து 100 மீட்டருக்கு ஒரு கல்லில் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்குப் போய்வர முடிந்தால் மாதம் ஒரு முறையாவது டிராக்கில் ஓடிப் பாருங்கள். வளைவில் ஓடுவது வேறு பழக்கம்.

டிராக்கில் உள் ஓரத்தை ஒட்டியே ஓட வேண்டும். இரண்டாவது தடத்திலேயே ஓடினால் ஒரு ரவுண்டுக்கு 7 மீட்டர் கூடும், 1500 மீட்டரில் சுமார் 25 மீட்டர். உங்கள் வேகத்தில் அது 7 நொடி. முந்துவதாக இருந்தால் நேர்ப்பாதையில் முந்துங்கள், வளைவில் வேண்டாம்.

பேராவூரணியிலிருந்து: அண்ணே, நான் இதுவரை ஓடியதே இல்லை. 200 மீட்டரிலேயே மூச்சு வாங்குது. மூன்று மாதம் இருக்கு. முடியுமா?

முடியும் தம்பி. முதல் மூன்று வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி அரை மணி நேரம், வாரம் நான்கு நாள். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு திணறினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். வாரா வாரம் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்து, நிற்காமல் 25 நிமிடம் ஓடுகிற நிலைக்கு வாருங்கள்.

அதற்கப்புறம்தான் வேகப் பயிற்சி. வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டரை 1 நிமிடம் 48 நொடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுங்கள். நான்கு தடவையில் தொடங்கி ஆறு வரை போகலாம். இன்னொரு நாள் 200 மீட்டரை 50 நொடியில் எட்டுத் தடவை. மற்ற நாளெல்லாம் மெதுவான ஓட்டம்தான். தினமும் முழு வேகத்தில் 1500 ஓடிப் பார்க்கிற பழக்கம் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் ரொம்ப இருக்கிறது. அதனால் காலும் கெடும், நேரமும் குறையாது. முழு ஓட்டத்தைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: சார், பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 நொடி. சின்னத் தூரம்தான். ஆனாலும் பாதியில் தலை சுற்றுகிறது, மாடிப்படி ஏறினாலே படபடப்பு வருது. பயிற்சி போதவில்லையா?

இல்லைம்மா, நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் கிரவுண்டு இல்லை, ஆரம்ப சுகாதார நிலையம். ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற பொருளே குறைவாக இருக்கும்போது எவ்வளவு ஓடினாலும் தலை சுற்றத்தான் செய்யும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் விடாமல் சாப்பிடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்த்துக்கொண்டால் உடம்பில் நன்றாகச் சேரும். டீ, காப்பியை அந்த வேளையில் தள்ளி வையுங்கள். உடம்பு தேற வாரங்கள் ஆகும், அதனால் தேர்வுத் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தயாராகிற பெண்பிள்ளைகள் எல்லோருமே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. சோம்பல் என்று திட்டு வாங்குகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்மையில் ரத்தம்தான் குறைவு.

ஓட்டத்தைப் பொறுத்தவரை 100 மீட்டருக்கு 37 நொடி. அது நிதானமான வேகம்தான். முதல் 200 மீட்டரில் பறக்காமல் இருந்தால் போதும்.

நீடாமங்கலத்திலிருந்து: கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறேன் அண்ணே. அறுவடை நேரத்தில் ராத்திரி வந்தால் படுக்கத்தான் தோணுது. வேலையையும் விட முடியாது.

வேலையை விடச் சொல்ல மாட்டேன் தம்பி. மூட்டை தூக்குவதே கால், இடுப்பு, முதுகுக்கு நல்ல பயிற்சி, தண்டால் பஸ்கி தனியாக எடுக்க வேண்டியதில்லை. வேலை கூடுதலாக இருக்கும் வாரங்களில் மூன்று நாள் மட்டும் ஓடுங்கள். காலையில் வேலைக்கு முன்னால் இருபது நிமிடம், அதில் ஒரு நாள் மட்டும் வேகம். வேலை இல்லாத நாளில் கொஞ்சம் நீளமாக ஓடுங்கள். இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஏழு மணி நேரத் தூக்கம், சாப்பாட்டில் பருப்பும் முட்டையும் மீனும். வெறும் சோறும் ரசமும் உங்கள் உழைப்புக்குக் காணாது. நெல் தூசி பறக்கிற களத்துப் பக்கமோ வைக்கோல் எரிகிற வயல் பக்கமோ ஓட வேண்டாம்.

சீர்காழியிலிருந்து: முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. ஓடினால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

விரலால் எலும்பை அழுத்திப் பாருங்கள். நீளமாகப் பரவிய வலி என்றால் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, சிமெண்டு ரோட்டை விட்டு மண் கரைக்கு மாறுங்கள், தேய்ந்துபோன ஷூவை மாற்றுங்கள். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், அது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை உடனே நிறுத்தி எலும்பு டாக்டரைப் பாருங்கள். அதை ஓடித் தீர்க்க முடியாது.

நன்னிலத்திலிருந்து ஒரு தாயார்: ஐயா, என் பையன் போன வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்துவிட்டான். வெயில் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவன் சித்தப்பா முப்பத்தைந்து வயசிலேயே மாரடைப்பில் போனவர். மறுபடி ஓட விடலாமா?

வேண்டாம் அம்மா, இப்போதைக்கு ஒரு அடிகூட வேண்டாம். ஓடி முடித்து நின்றபின் கண் இருட்டுவது சாதாரணமாக வரக்கூடியது. ஓடும்போதே நினைவு தப்புவது வேறு, குடும்பத்தில் சிறு வயதில் மாரடைப்பும் இருந்தால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஓடும்போது விழுந்ததையும் சித்தப்பா விஷயத்தையும் டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், பையன் வேலை போய்விடுமோ என்று மறைப்பான். ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லாம் சரி என்று டாக்டர் சொன்னபின் ஓடட்டும். எந்த வேலையும் அவன் உயிருக்கு ஈடு இல்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து: ஓட்டத்துக்கு முன்னால் ஊசி போட்டால், வலி மாத்திரை போட்டால் நேரம் குறையும் என்கிறார்களே?

தொடவே தொடாதீர்கள். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். என்ன மருந்து என்று தெரியாத ஊசி அதைவிட ஆபத்து. நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. கூட ஓடுகிற ஒருவர் உளற ஆரம்பித்தாலோ தள்ளாடினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்கு அழையுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: மூக்கால் மட்டும்தான் மூச்சு விட வேண்டுமா? விலாவில் பிடிக்கிறது.

மூக்கு, வாய் இரண்டாலும் விடுங்கள். விலா பிடிப்பு பெரும்பாலும் சாப்பிட்ட உடனே ஓடுவதாலும் தொடக்கத்திலேயே வேகமெடுப்பதாலும் வருவது. பிடித்தால் வேகத்தைக் குறைத்து, ஆழமாக இழுத்து நிதானமாக விடுங்கள்.

பாபநாசத்திலிருந்து: ராணுவத்தின் அக்னிவீர், மத்தியப் படை இரண்டுக்கும் சேர்த்துத் தயாராகலாமா? என் தம்பி வனக்காப்பாளர் தேர்வுக்கும் போகிறான்.

அடிப்படை ஒன்றுதான். மத்தியப் படைக் காவலருக்கு ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும், அதற்கு நீண்ட மெதுவான ஓட்டம் கூடுதலாக வேண்டும். அக்னிவீர் 1.6 கிலோமீட்டரில் முழு மதிப்பெண்ணுக்கு 5 நிமிடம் 30 நொடி, 400 மீட்டருக்கு 82 நொடி. இது காவலர் ஓட்டத்தைவிட ரொம்பக் கடினம், நான்கைந்து மாதமாவது கொடுங்கள். தம்பிக்கு ஓட்டமே இல்லை, ஆண்களுக்கு 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடை. வாரம் ஒரு முறை கொள்ளிடக் கரையில் நீளமாக நடக்கச் சொல்லுங்கள், அன்றைக்குப் போடப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸோடு. நடைத் தேர்வில் கவிழ்ப்பது பெரும்பாலும் காலில் வருகிற கொப்புளம்தான்.

வேதாரண்யத்திலிருந்து: அடுத்த வாரம் எனக்குத் தேர்வு. மைதானம் தஞ்சாவூரில். விடியற்காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி வாரம் என்ன செய்ய?

புதிதாக எதுவும் வேண்டாம் தம்பி. ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் 400 மீட்டரை இரண்டே தடவை தேர்வு வேகத்தில் ஓடுங்கள், முந்தின நாள் நடை மட்டும். ராத்திரி பஸ் ஏறி நேராக மைதானத்தில் போய் நிற்காதீர்கள், முந்தின நாள் மாலையே தஞ்சாவூர் போய்த் தங்குங்கள். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். உங்கள் அணியைக் கூப்பிடத் தாமதமாகலாம், அதனால் கையில் இன்னொரு பழமும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இருக்கட்டும், நிழலில் உட்காருங்கள். கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஐந்து நிமிட மெதுவான ஓட்டம், இரண்டு மூன்று சின்ன வேக ஓட்டம். அழைப்புக் கடிதம், அசல் சான்றிதழ்கள், அடையாள அட்டை எல்லாவற்றையும் முந்தின நாளே ஒரே பையில் எடுத்து வைத்துவிடுங்கள்.