ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி ஆடும் ஆன்லைன் ரோல்பிளே ஆட்டங்களில் நடந்ததை எழுதிவைக்கும் கேம் மாஸ்டர்களுக்கு, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு, பரிசு கொடுக்கலாமா? கொடுத்தால் பரிசுக்காக மட்டுமே எழுதுவார்களோ?

கண்டிப்பாகக் கொடுங்கள். "ஆசைப்பட்டுத்தானே நடத்துகிறார்கள், அதற்கு எதற்குக் கூலி?" என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் குழுவிலும் இதே பேச்சு வந்தது.

டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்துக்கான பெரிய சர்வர் (குழு) ஒன்றில் நான் சில வருடங்களாக கேம் மாஸ்டர். ஒரே உலகம், பல கேம் மாஸ்டர்கள். அன்றைக்கு யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்கள் சேர்ந்து ஆடுவார்கள். ஆட்ட வடிவமைப்பாளர் பென் ராபின்ஸ் 2007-ல் விளக்கி எழுதிய வெஸ்ட் மார்ச்சஸ் முறைதான் அடிப்படை. இந்த முறையில் நடந்ததை எழுதிவைக்காவிட்டால் கதை கந்தலாகிவிடும்.

எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ஒருவர் நடத்திய ஆட்டத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்று எரிந்து, ஊர்த்தலைவரும் செத்துப்போனார். நடத்தியவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த வாரம் இன்னொரு கேம் மாஸ்டர், விஷயமே தெரியாமல், அதே ஊரில் திருவிழா வைத்தார். முதல் ஆட்டத்தில் அந்தத் தலைவரைக் காப்பாற்றப் போய்த் தன் கேரக்டரைப் பறிகொடுத்த பெண், புதுக் கேரக்டரோடு இந்த ஆட்டத்துக்கு வந்திருந்தார். தலைவர் வாசலில் நின்று வரவேற்றதும் எதுவும் பேசாமல் வாய்ஸ் சேனலை விட்டுப் போனவர்தான், திரும்பவே இல்லை. மாதக்கணக்கில் வளர்த்த கேரக்டர் அது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அதற்குப் பிறகு என் ஆட்டங்களை விடாமல் எழுத ஆரம்பித்தேன். மூன்று மணி நேரம் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் குரல் கொடுத்துத் தொண்டை கட்டிய பிறகு, உட்கார்ந்து எழுத வேண்டும். ஆட வந்தவர்கள் எக்ஸ்பியும் (கேரக்டரின் லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளிகள்) ஆட்டத்துத் தங்கமும் வாங்கிக்கொண்டு தூங்கப் போயிருப்பார்கள். நடத்துகிறவரின் சொந்தக் கேரக்டரோ இரண்டாவது லெவலிலேயே கிடக்கும். இதைப் பார்த்துத்தான் எங்கள் அட்மின், குறிப்பு போடும் கேம் மாஸ்டரின் கேரக்டருக்குத் தங்கமும் எக்ஸ்பியும் என்று விதி கொண்டுவந்தார்.

"ஆடாமலே லெவல் ஏறுகிறார்கள்" என்று உடனே சண்டை. இப்படிச் சொல்கிறவர்களுக்கு என் பதில்: பாத்ஃபைண்டர் என்ற ரோல்பிளே ஆட்டத்தின் அமைப்பான பாத்ஃபைண்டர் சொசைட்டி இதை எப்போதோ செய்துவிட்டது. அங்கே ஆட்டத்தை நடத்தியவரும் தன் கேரக்டர் ஒன்றுக்கு க்ரானிக்கிள் ஷீட் (ஆட்டத்தில் கிடைத்ததைப் பதியும் தாள்) போட்டுக்கொள்ளலாம். அதன் முதல் பதிப்புக் காலத்தில், நடத்திய ஆட்டங்களைப் பதிவு செய்துவந்தால் 10 ஆட்டங்களுக்கு முதல் நட்சத்திரம். ஐந்தாவதற்கு 150 ஆட்டமாவது நடத்தியிருக்க வேண்டும். ஜப்பானில் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார் ஆட்டத்தில் மேசையில் பேசியதை எழுத்தாக்கி 1986-ல் காம்ப்டிக் பத்திரிகையில் தொடராகவே போட்டார்கள். ஆட்டத்தை நடத்திய ரியோ மிசுனோ பிறகு அதை நாவல்களாக எழுதினார், அனிமேவும் வந்தது. எழுதிவைத்ததால்தான் அந்த உலகம் ஆடியவர்களைத் தாண்டி வெளியே வந்தது.

ஆனால் நீளத்துக்குப் பரிசு வேண்டவே வேண்டாம். எங்கள் சர்வரில் முதலில் வார்த்தைக் கணக்கு வைத்தார்கள். யார் எத்தனை டைஸ் போட்டார், எத்தனை டேமேஜ் என்று பக்கம் பக்கமாக வந்தது, யாரும் படிக்கவில்லை. இப்போது எல்லோருக்கும் ஒரே தொகை. யார் வந்தார்கள், யாருக்கு என்ன கிடைத்தது, உலகத்தில் என்ன மாறியது, எது பாதியில் நிற்கிறது, அவ்வளவு எழுதினால் போதும். அந்த இடத்தில் அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் போட்டுவிட வேண்டும். நான் போகிற போக்கில் எழுதிய ஒரு படகோட்டியை வைத்து வேறொரு கேம் மாஸ்டர் முழு ஆட்டமே நடத்தினார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் எந்தத் தங்கத்திலும் வராது. அதற்காகத் தங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

பரிசு பற்றிப் பேசும்போது நேரத்தைப் பற்றியும் பேசுங்கள். நியூயார்க்கில் இரவு எட்டு மணி ஆட்டம் என்றால் எனக்கு விடியற்காலை ஐந்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றினால் அது ஆறரை ஆகி, முடிவதற்குள் அலுவலகம் கிளம்பும் நேரம் வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், நேரத்தை மாற்ற யாரும் தயாராக இல்லை. உங்கள் சர்வரில் இந்திய நேரத்துக்கு ஆட்டம் உண்டென்றால் சொல்லுங்கள், வந்து நடத்துகிறேன். குறிப்பும் அன்றைக்கே போட்டுவிடுவேன்.