“எங்கண்ணன் என்ன எலியா?” - ஐசியூ பத்தி வாசகர் கேள்விகள்

இந்த மாசம் வந்த கேள்வியில முக்காவாசி ஐசியூ பத்தித்தாங்க. மயக்க மருந்து டாக்டருன்னா ஆபரேசனுக்கு ஊசி போட்டு தூங்க வெக்கறவருன்னுதான் ஊருக்குள்ள நெனப்பு, ஆனா எங்க பொழப்புல பாதி ஐசியூலதான் ஓடுது, அதனால கேள்வி சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கு.

கேள்வி: டாக்டருங்க, வணக்கமுங்க. போன ஐப்பசியில எங்கய்யனுக்கு நிமோனியா முத்திப்போயி கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில வெண்டிலேட்டர் வெச்சாங்க. ரெண்டாவது நாள் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ஒரு பாரத்தை கொண்டாந்து, “ஒரு ஆராய்ச்சி நடக்குதுங்க, ரெண்டு விதமான வைத்தியத்துல எதை குடுக்கறதுன்னு கம்ப்யூட்டர்தான் சொல்லும், சம்மதம்னா கையெழுத்து போடுங்க”ன்னாங்க. ஒறம்பரை எல்லாம் வெளிய உக்காந்திருந்தாங்க, எங்க சித்தப்பா “எங்கண்ணன் என்ன எலியா?”ன்னு சத்தம் போட்டுட்டாரு. நானும் போடலைங்க. அய்யன் இப்ப நல்லாயி தோட்டத்துக்கு தண்ணி கட்டப் போறாரு. ஆனாலும் மனசுல ஒரு உறுத்தல். உசுருக்கு போராடற ஆளை வெச்சு ஆராய்ச்சி பண்றது நாயமுங்களா?
- ஒரு வாசகர், கோபி பக்கம்

பதில்: அய்யன் தண்ணி கட்டப் போறாருன்னு படிச்சதே நெம்ப சந்தோசமுங்க. கையெழுத்து போடாதது தப்பே இல்ல, போடலைங்கறதுக்காக வைத்தியத்துல துளி கூட குறை வெக்கக்கூடாது, வெச்சா அதுதான் தப்பு.

ஆனா சித்தப்பா நெனைக்கற மாதிரி “இவங்களுக்கு நல்ல வைத்தியம் தெரியும், அதை குடுக்காம சும்மா சோதிச்சு பாக்கறாங்க” அப்படின்னு இல்லீங்க. எது ஒசத்தின்னு எங்களுக்கே தெரியாதப்பதான் அந்த பாரம் வரும். “அதெப்படி டாக்டருக்கு தெரியாம இருக்கும்”னு கேப்பீங்க, அய்யனுக்கு வெச்ச அந்த மெசினையே எடுத்துக்கலாம்.

வெண்டிலேட்டர் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காத்து தள்ளணும்னு நாங்கதான் செட் பண்ணணும். நீங்க பாக்காதப்ப ஒரு நர்ஸம்மா டேப்பை எடுத்து டெய்லர் கடையில அளக்கற மாதிரி அய்யனை தலையிலிருந்து குதிகால் வரைக்கும் படுத்த வாக்குலயே அளந்திருப்பாங்க. எடை எதுக்குங்க, உயரம்தான் வேணும், ஏன்னா நுரையீரல் அளவு உயரத்தை வெச்சுத்தான். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆம்பளை 60 கிலோ இருந்தாலும் சரி, கறிக்கொழம்பா சாப்ட்டு 95 கிலோ ஆனாலும் சரி, நாங்க போடற கணக்குல அவரு 61 கிலோ சொச்சம், அதுல கிலோவுக்கு 6 மில்லி வீதம் ஒரு மூச்சுக்கு 370 மில்லி சுமாரா வெப்போம். அந்தக் காலத்துல இதே ஆளுக்கு 700 மில்லிக்கு மேல தள்ளிட்டு இருந்தாங்க, ஏன்னா அப்படி தள்ளுனா மானிட்டர்ல ஆக்சிஜன் அழகா ஏறும், ரத்த டெஸ்ட்டும் நல்லா வரும், பாக்கற டாக்டருக்கும் திருப்தி.

அமெரிக்காவுல நுரையீரல் கெட்டுப்போன 861 பேரை சீட்டு குலுக்கற மாதிரி ரெண்டா பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு கிலோவுக்கு 12 மில்லி, இன்னொரு கூட்டத்துக்கு 6 மில்லின்னு குடுத்து பாத்தாங்க, 2000-ல ரிசல்ட் வந்துச்சு. பழைய மாதிரி குடுத்ததுல 100-க்கு 40 பேர் சுமாரா செத்துட்டாங்க, கம்மியா குடுத்ததுல 31. இதுல எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம் என்னன்னா, முதல் ரெண்டு மூணு நாளு ஆக்சிஜன் நல்லா இருந்தது அந்த 12 மில்லி கூட்டத்துக்குத்தான்! மானிட்டர் நல்லா இருக்கு, ஆளு எச்சா சாகறாங்க. ஏற்கனவே புண்ணான நுரையீரலை ஊதி ஊதி இன்னும் கிழிச்சிருக்கோம். இதை ஒரு டாக்டர் தன்னோட பேஷன்ட்டை மட்டும் பாத்து எந்த ஜென்மத்துலயும் கண்டுபிடிக்க முடியாதுங்க, கண்ணு முன்னாடி தெரியறது பொய் சொல்லுதே.

சர்க்கரை கதையும் இதே. ஐசியூல சர்க்கரையை 80-லிருந்து 110-க்குள்ள இறுக்கி வெச்சா நல்லதுன்னு 2001-ல பெல்ஜியத்துல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, உலகமே மணிக்கொருக்கா விரல்ல குத்திட்டு இருந்துச்சு, 2009-ல 6,000 பேருக்கு மேல சேத்து பாத்தா அப்படி இறுக்குனதுல சாவுதான் கூடுது, 180 வரைக்கும் விட்டாலே போதும்னு தெரிஞ்சுது.

நம்மூர் ஆராய்ச்சியே வேணும்னா கொரோனா வந்தப்ப பிளாஸ்மா தேடி அலைஞ்சோமே, ஞாபகம் இருக்குங்களா, யாரு வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் பாத்தாலும் “பிளாஸ்மா அவசரம்”னு. நம்ம ஐசிஎம்ஆர், அதாவது மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2020-லயே 39 ஆஸ்பத்திரியில 464 பேரை வெச்சு பாத்து, அதனால சீக்கு முத்தறதும் நிக்கல, சாவும் குறையலன்னு சொல்லிருச்சு, அப்பறமும் 2021 மே வரைக்கும் ஜனம் அலைஞ்சுது, டாக்டருங்களும் எழுதிக் குடுத்தாங்க. அதே 2020-ல இங்கிலாந்துல ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணி, டெக்ஸாமெத்தசோன்னு சில ரூபாய்க்கு கெடைக்கற பழைய மருந்து, வெண்டிலேட்டர்ல இருந்த கொரோனா ஆளுகள்ல சாவை 100-க்கு 41-லிருந்து 29-க்கு எறக்குதுன்னு காட்டுனாங்க. ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு அதே மருந்துல ஒரு பிரயோசனமும் இல்ல, அதையும் அதே ஆராய்ச்சிதான் சொல்லுச்சு. முடியாத ஆளுகிட்ட ஆராய்ச்சி பண்ணாம நல்லா இருக்கற ஆளை வெச்சு இதை எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

கம்ப்யூட்டர் எதுக்குன்னா, டாக்டர் கையில விட்டா அவருக்கு புடிச்ச வைத்தியத்தை தேறிக்குவாருன்னு தோணற ஆளுக்கு குடுத்துப்போடுவாரு, அவருக்கே தெரியாம. அப்பறம் அந்த வைத்தியம்தான் ஜெயிச்ச மாதிரி தெரியும்.

இத்தனை சொல்லிட்டு ஒண்ணு சொல்லாம விட்டா நாயமில்ல. பாரம் நீட்டுனா உடனே போட்டுறாதீங்க. தமிழ்ல பாரம் குடுங்கன்னு கேளுங்க, ஆராய்ச்சி நாயமா நடக்குதான்னு பாக்கற நெறிமுறைக் குழுவோட அனுமதி இருக்கா, நாட்டோட ஆராய்ச்சிப் பதிவேடான சிடிஆர்ஐ-ல நம்பர் என்னன்னு கேளுங்க, அது சும்மா வாய்க்கு வந்த நம்பர் இல்ல, 2009 ஜூனிலிருந்து நம்ம நாட்டுல மருந்து ஆராய்ச்சி எதுவா இருந்தாலும் அதுல பதிவு பண்ணியே ஆகணும், யாரு வேணாலும் நெட்ல பாக்கலாம். ஆராய்ச்சி மருந்துக்கு எங்க தலையில பில்லு வருமான்னு கேளுங்க. அதனால ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா வைத்தியம் யாரு செலவு, நஷ்டஈடு உண்டான்னு கேளுங்க, மருந்து ஆராய்ச்சிக்குன்னு வந்த 2019 விதிமுறையில அதுக்கு எடம் இருக்கு. நடுவுல எப்ப வேணாலும் வேண்டாம்னு சொல்லலாம், அய்யனுக்கு நெனவு திரும்புனதும் அவரையே ஒருக்கா கேக்கணும். இதையெல்லாம் கேட்டு மூஞ்சி சுளிக்கற டாக்டரா இருந்தா சித்தப்பாவையே பேச விட்டுருங்க.

கேள்வி: எங்கம்மா வெண்டிலேட்டர்ல இருக்காங்க டாக்டர். தெனமும் வெள்ளென தூக்க மருந்தை நிறுத்திடறாங்க, நாங்க பாக்க போற நேரத்துக்கு அம்மா நெளியறாங்க, கண்ணுல தண்ணி வருது, கைய வேற கட்டி வெச்சிருக்காங்க. முழுசா தூங்க வெச்சா என்ன குறைஞ்சுருமாம்? இது கொடுமை இல்லீங்களா?
- பனியன் கம்பெனியில வேலை பாக்கும் வாசகி, திருப்பூர்

பதில்: பாக்கறதுக்கு வெசனமாத்தான் இருக்கும் அம்மணி, இல்லைன்னு சொல்லல. ஆனா அது அம்மா சீக்கிரம் வெளிய வர்றதுக்கு பண்றது. 2000-ல சிகாகோவுல 128 பேரை வெச்சு பாத்தாங்க, தெனமும் ஒருக்கா மருந்தை நிறுத்தி முழிக்க வெச்சவங்க வெண்டிலேட்டர்ல இருந்தது அஞ்சு நாள் சுமாரா, நிறுத்தாம விட்டவங்க ஏழு நாளுக்கு மேல. தூக்க மருந்து நாள்பட நாள்பட ஒடம்புல சேந்துட்டே போகும், அது எறங்கறதுக்கே ரெண்டு நாள் ஆகும், அதுக்குள்ள தசை வத்திப்போயிரும், அப்பறம் மூச்சு இழுக்கவே தெம்பு இருக்காது.

மருந்தை நிறுத்துனதும் நாங்க பக்கத்துல நின்னு, “கண்ணைத் தொறங்க, கைய புடிங்க, நாக்கை நீட்டுங்க, தலைய தூக்குங்க”ன்னு ஒவ்வொண்ணா சொல்லி பாப்போம். இதெல்லாம் செஞ்சா அன்னைக்கே மெசினை கொறச்சு தானா மூச்சு விட்டுப் பாக்கலாம். தூக்க மருந்தைத்தான் நிறுத்தறோம், வலி தெரிஞ்சா வலி மருந்து குடுக்கணும், அதை கேட்டுக்கங்க. கை கட்டறது குழாயை புடுங்கிறக்கூடாதுன்னு, அதுவும் எனக்கு புடிக்காத பழக்கம்தான், பக்கத்துல ஆளு இருக்கற நேரத்துல அவுத்து விடச்சொல்லி கேளுங்க.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. அம்மா கண்ணாடி போடுவாங்களா, காது மெசின் வெச்சிருக்காங்களா, கொண்டு போயி குடுங்க. “இன்னைக்கு செவ்வாக்கெழம, பொழுது விடிஞ்சிருச்சு, நான் வந்திருக்கேன்”னு சொல்லுங்க. நாலு நாள் ஐசியூல கெடந்தா ராத்திரி பகல் தெரியாம புத்தி கொழம்பும், செவுத்துல ஆளு நிக்கறான்னு சொல்லுவாங்க, அது பேய் புடிச்சது இல்ல, மந்திரிக்கவும் வேண்டாம். அழாம பேசுனீங்கன்னா அது எந்த மருந்தை விடவும் நல்லா வேலை செய்யும்ங்கறது என் அனுபவம்.

கேள்வி: எங்க பங்காளி பையனை கட்டுவிரியன் கடிச்சு ஐசியூல கெடந்தான். கண்ணு தொறக்கல, கை கால் அசையல, டார்ச் அடிச்சா கண்ணு பாப்பா கூட சுருங்கல. மூளைச்சாவுன்னு நெனச்சு வீட்டுக்கு கொண்டுபோயிரலாம்னு அவன் கட்டிலுகிட்ட நின்னே பேசிட்டு இருந்தோம். அஞ்சாம் நாள் எந்திரிச்சு நாங்க பேசுனதை பூரா சொல்றானுங்க! எப்படிங்க?
- ஒரு விவசாயி, தாராபுரம்

பதில்: அவனுக்கு மூளை நல்லாத்தான் இருந்துச்சுங்க, தசைக்கு போற உத்தரவுதான் கட்டாயிருச்சு. கட்டுவிரியன் வெசம் நரம்பு நுனியை கெடுத்துரும், அதனால கண் இமை, நாக்கு, மூச்சு இழுக்கற தசை எல்லாம் ஒண்ணொண்ணா செயலிழந்துரும், ஆனா காது கேக்கும், தொட்டா தெரியும். பாப்பாவும் விரிஞ்சு நின்னுரும், அதை பாத்து ஏமாறாத டாக்டரே கொறவு. கட்டுவிரியன் கடியில மூளைச்சாவுன்னு அவசரப்பட்டு முடிவு பண்ணவே கூடாதுங்க.

நல்லபாம்பு வெசம் தசைப் பக்கத்துல அடைச்சுக்கும், அதுக்கு நியோஸ்டிக்மின் ஊசி போட்டா பல பேருக்கு சீக்கிரமே கண்ணு தொறக்கும். கட்டுவிரியனுக்கு அப்படி இல்ல, நரம்பு நுனி மறுபடி முளைச்சு வரணும், அதுக்கு நாள் ஆகும், விஷமுறிவு மருந்து ஏற்கனவே நடந்த சேதத்தை திருப்பாது, புதுசா கெடாம தடுக்கும் அவ்வளவுதான். அந்த நாளை தாண்டி கொண்டுபோறது வெண்டிலேட்டர்தான். 1952-ல டென்மார்க்ல போலியோ வந்து பிள்ளைங்க மூச்சு விட முடியாம செத்துட்டு இருந்தப்ப, இப்சன்னு ஒரு மயக்க மருந்து டாக்டர்தான் தொண்டையில குழாய் வெச்சு மருத்துவ மாணவர்களை ஷிப்ட் போட்டு உக்கார வெச்சு கையாலயே பையை அமுக்கி காத்து குடுக்க வெச்சாரு, ஐசியூங்கற ஏற்பாடே அதுலிருந்து வந்ததுதான். பங்காளி பையனுக்கு மெசின் செஞ்ச வேலையும் அதே.

சாளையில கீழ படுக்கறவங்க கொசுவலைய பாய்க்கு அடியில நல்லா சொருகிட்டு படுங்க, இந்தப் பாம்பு பெரும்பாலும் ராத்திரி தூங்கறப்பத்தான் கடிக்கும், பல சமயம் கடிச்சதே தெரியாது, தடமும் இருக்காது. வெடியால எந்திரிச்சதும் வயித்து வலி, கண்ணு சொருகுதுன்னா கஷாயம் வெச்சு குடுத்துட்டு இருக்காம நேரா வெண்டிலேட்டர் இருக்கற ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.

கேள்வி: ஆபரேசனுக்கு முன்னாடி ராத்திரியிலிருந்து பச்சத்தண்ணி கூட குடுக்க மாட்டேங்கறாங்க, எங்க பெரியம்மா ஒரு வாய் காபி குடிச்சதுக்கு ஆபரேசனையே தள்ளிப்போட்டுட்டாங்க. எத்தனை மணி நேரம்தாங்க வயித்தை காலியா வெக்கணும்?
- பொள்ளாச்சி வாசகி

பதில்: பால் காபி சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம் ஆகணும். எண்ணெய் பலகாரம், கறின்னா 8. வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம், ராத்திரி பூரா தாகத்துல போட வேண்டியதில்ல. வயித்துக் கோளாறு, கர்ப்பம், சர்க்கரை முத்தினவங்களுக்கு கணக்கு மாறும், உங்க மயக்க மருந்து டாக்டர் சொல்றதை கேளுங்க.

கேள்வி: எங்க மாமனாரு வெண்டிலேட்டர்ல அஞ்சு நாளா இருக்காரு, தொண்டையில ஓட்டை போடணும்ங்கறாங்க. காசு புடுங்கற வேலைங்களா இது?
- ஈரோடு வாசகர்

பதில்: அப்படி ஒரே அடியா சொல்லிற முடியாதுங்க. வாயில இருக்கற குழாயை நாள்கணக்கா வெச்சா புண்ணாகும், தூக்க மருந்தும் எச்சா வேணும், தொண்டையில வெச்சா வாய் சும்மா இருக்கும், சளி எடுக்க சுளுவு, ஆளு கொஞ்சம் முழிச்சு உக்காரலாம். ஆனா அவசரம் இல்ல. இங்கிலாந்துல 909 பேரை வெச்சு 2013-ல வந்த ஆராய்ச்சியில நாலு நாளுக்குள்ள போட்டவங்க, பத்து நாள் பொறுத்துப் பாத்தவங்க ரெண்டு கூட்டத்துக்கும் சாவுல வித்தியாசமில்ல, அதை விட முக்கியம், பொறுத்துப் பாத்ததுல பாதிப் பேருக்கு மேல ஓட்டையே போட வேண்டி வரல. சீக்கிரம் குழாயை எடுத்துறலாம்னு நம்பிக்கை இருக்குங்களா, இன்னும் மூணு நாலு நாள் பாக்கலாமான்னு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க. பக்கவாதம், கழுத்தெலும்பு அடி மாதிரி ரொம்ப நாள் ஆகும்னு முதல்லயே தெரியற கேஸ்னா சீக்கிரம் போடறதுலயும் தப்பில்ல.

ஓட்டை நிரந்தரமான்னும் கேக்க வருவீங்க. குழாயை எடுத்து பஞ்சு வெச்சு ஒட்டிட்டா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா மூடிக்கும், அது வரைக்கும் பேசறப்பயும் இருமறப்பயும் அந்த எடத்தை விரலால அமுக்கிக்கச் சொல்லுங்க.