நம்பி வாங்கிய சட்டை பிராண்டின் தரம் உண்மையிலேயே குறைந்துவிட்டதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

"பல வருடமாக ஒரே பிராண்டு சட்டைதான் போடுகிறேன். முன்பெல்லாம் நாலைந்து வருடம் உழைத்தது. இப்போது ஆறே மாதத்தில் காலர் போய்விடுகிறது. தரம் குறைந்ததா, அல்லது பழசெல்லாம் நல்லது என்ற நினைப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே சந்தேகத்தோடு நானும் ஒரு வருடம் இருந்தேன். கடைசியில் ஒரு பழைய சட்டையையும் ஒரு புதிய சட்டையையும் மேஜையில் விரித்துப் போட்டு, பிளேடால் தையலைப் பிரித்துப் பார்த்துத்தான் தெளிந்தேன். தரம் குறைந்திருந்தது. நான் வாங்கிய பிராண்டைப் பொறுத்தவரை எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அந்தப் பிராண்டை எனக்கு அறிமுகப்படுத்தியவர் அப்பா. நான் முதல் வேலையில் சேர்ந்தபோது இரண்டு சட்டை வாங்கிக் கொடுத்தார். அவர் போட்டதும் அதுதான். அதற்குப் பிறகு நான் சட்டையைப் போட்டுப் பார்த்து வாங்கியதே கிடையாது. அளவைச் சொல்வேன், நிறத்தைப் பார்ப்பேன், எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இன்றைக்கு எனக்கு வருத்தம் தருவது அதுதான். சோதித்துப் பார்த்து வாங்குகிறவர் தப்பித்துவிடுகிறார். நம்பி வாங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துச் சட்டை ஒன்று அலமாரியில் இருக்கிறது என்றால், அது நன்றாக உழைத்ததால்தான் இருக்கிறது. அதோடு வாங்கிய மற்றவை எப்போதோ கிழிந்து துடைக்கும் துணியாகப் போயிருக்கும். மிஞ்சியதை மட்டும் வைத்துக்கொண்டு பழைய காலத்தையே பாராட்டுவது சரியான ஒப்பீடு ஆகாது. அதனால் நான் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டைகளாக, ஒரே அளவில், ஒரே விதமாகத் துவைத்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆயத்த ஆடை நிறுவனத்தில் பல வருடம் தரப் பரிசோதனையில் இருந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தார்.

அவர் முதலில் கை வைத்தது காலரில். காலருக்குள் விறைப்புக்காக ஒரு துணி வைப்பார்கள், தையற்காரர்கள் கேன்வாஸ் என்பார்கள். கம்பெனிச் சட்டைகளில் பெரும்பாலும் அதன் மேல் பசைப் புள்ளிகள் இருக்கும். சூடும் அழுத்தமும் கொடுத்து மேல்துணியோடு ஒட்டிவிடுவார்கள், அதற்குப் பெயர் ஃபியூசிங். ஒட்டுவதே மட்டமான வேலை என்று சிலர் சொல்வது சரியல்ல. என் பழைய சட்டையிலும் ஒட்டின காலர்தான், நகத்தால் நெம்பியும் பிரியவில்லை. சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சரியாக அமைந்தால் அது சட்டையோடு சேர்ந்து வாழும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், கேன்வாஸும் மேல்துணியும் வேறு வேறு அளவில் சுருங்கினாலும், சில துவைப்பிலேயே காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அயர்ன் பாக்ஸை எவ்வளவு அழுத்தினாலும் அது படியாது. என் புதிய சட்டையில் ஐந்தாறு துவைப்பில் அது வந்துவிட்டது.

அடுத்தது தையல். ஒரு அங்குலத்தில் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து எண்ணச் சொன்னார். பழையதில் பத்தொன்பது, புதியதில் பன்னிரண்டு. நல்ல சட்டை என்றால் பதினெட்டு, இருபது இருக்கும் என்றார். தையல் நெருங்க நெருங்க மிஷினில் நேரம் அதிகம் பிடிக்கும், நூலும் கூடுதலாகப் போகும். அங்குலத்துக்கு ஏழு தையலைக் குறைத்தால் ஒரு சட்டையில் என்ன பெரிதாக மிச்சம் என்று தோன்றலாம். லட்சக்கணக்கில் தைக்கிறவர்களுக்கு அது பெரிய கணக்கு.

விலாத் தையலும் மாறியிருந்தது. பழையதில் ஒற்றை ஊசியால் இரண்டு தடவை ஓட்டியிருந்தார்கள், வெளிப்பக்கம் ஒரே ஒரு கோடுதான் தெரியும். புதியதில் இரட்டை ஊசி மிஷினில் ஒரே ஓட்டாக முடித்திருந்தார்கள், இரண்டு கோடுகள் இணையாகத் தெரிந்தன. வேலை சீக்கிரம் முடியும், ஆனால் துவைக்கத் துவைக்க அந்தக் கோடு நெடுகச் சுருக்கம் விழும். எனக்கு விழுந்தது.

பட்டன் சங்கதி உங்களுக்கும் நடந்திருக்கும். புதிய சட்டையில் பட்டனுக்குப் பின்னால் தொங்கிய நூல் நுனியை நண்பர் பிடித்து இழுத்தார். சரசரவென்று மொத்த நூலும் உருவிக்கொண்டு வந்து பட்டன் கையோடு வந்துவிட்டது. ஒரே நூலில் சங்கிலி போலத் தைத்தால் அப்படித்தான் வரும். மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பின்னிப் பிடிக்கும் பூட்டுத்தையல் போட்டால் வராது. காஜாவைச் சுற்றியும் பிசிறு தெரிந்தது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். துணியில் நடந்ததைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கடையில் தொட்டுப் பார்த்தபோது புதிய சட்டைதான் பழையதைவிட மிருதுவாக இருந்தது! சிலிக்கான் கலந்த மென்மையூட்டியில் முக்கி எடுத்தால் சுமாரான துணியும் பட்டு மாதிரி வழுக்கும். சில துவைப்பில் அது போய், உண்மையான துணி வெளியே வரும்.

நூலின் கவுண்ட் என்று ஒன்று சொல்வார்கள். ஒரு பவுண்டு எடைப் பருத்தியில் 840 கஜ நீளமுள்ள நூல் சிட்டங்கள், அதாவது நூல் சுருள்கள், எத்தனை வருகின்றன என்பதே கவுண்ட். எண் கூடக் கூட நூல் மெலிதாகும். அந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 100 கவுண்ட் நூல் இரண்டை முறுக்கி ஒன்றாக்கி நெய்த துணிக்கும், அதே 100 கவுண்ட் ஒற்றை இழையில் நெய்த துணிக்கும் உழைப்பில் வெகுதூரம். பஞ்சின் இழை நீளமும் முக்கியம். மிக நீண்ட இழைப் பருத்தி ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் இருக்கும். குட்டை இழையில் நூற்றால் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு, உரசுகிற இடத்திலெல்லாம் உருண்டை கட்டும். அதோடு பாலியஸ்டரும் கலந்திருந்தால் அந்த உருண்டைகள் உதிரவும் உதிராது, பாலியஸ்டர் இழை அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். என் பழைய சட்டையின் லேபிளில் முழுப் பருத்தி என்று இருந்தது. புதியதில் அறுபது பங்கு பருத்தி, நாற்பது பங்கு பாலியஸ்டர். அதே பெயர், அதே டப்பா, அதே மடிப்பு. லேபிளைப் படிக்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

சுருக்கம் விழாத சட்டை என்று விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்தியின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒரு பிசினைத் துணியில் ஏற்றிச் சூடாக்குவார்கள். அந்தப் பிணைப்பால்தான் துணி கசங்காமல் இருக்கிறது, அதே பிணைப்பால்தான் இழை நெகிழ்வை இழந்து வலுக் குறைகிறது. எனவே காலர் மடிப்பிலும் கஃப் ஓரத்திலும் முதலில் நைந்து வெள்ளை நார் தெரியும். அயர்ன் செய்ய நேரமில்லாதவர்கள் தெரிந்தே வாங்கினால் தவறில்லை. ஆயுள் வேண்டுமென்றால் அது வேண்டாம்.

ஏன் இப்படி ஆகிறது? பிராண்டின் பெயர் ஒரு கை, தைப்பது இன்னொரு கை என்று ஆகிவிட்ட இடங்கள் நிறைய. பெயரை மட்டும் உரிமமாகக் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது நிறுவனமே கைமாறிவிடுகிறது. பிராண்டை வாங்கியவர் பணம் கொடுத்தது அந்தப் பெயரின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கைக்குத்தான். அந்த நம்பிக்கையைத்தான் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறார்கள். இந்த வருடம் நூல், அடுத்த வருடம் தையல், அதற்கடுத்து பட்டன். ஒரே நாளில் எல்லாம் மாறியிருந்தால் நாம் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம்.

நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது, வேறு சட்டை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். துணியையும் தையலையும் ஏன் மாற்றினீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மாற்றிக்கொள்ளவில்லை. அதே மாதிரி இன்னொன்றை வாங்கி என்ன செய்வது?

இப்போது எந்தப் பிராண்டாக இருந்தாலும் உள்பக்கம் திருப்பித்தான் வாங்குகிறேன். முதலில் லேபிள், பிறகு விலாத் தையல், பட்டனின் பின்புறம். காலர் நுனியை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்கிறேன், இரண்டு அடுக்கும் தனித்தனியாக நழுவினால் வைத்துவிடுகிறேன். ஒன்று மட்டும் வாங்கி ஐந்து முறை துவைத்த பிறகுதான் இரண்டாவது. கை நீளத்தை வாங்கின அன்றே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெய்த துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் சான்ஃபரைஸ் முறை 1930-களிலேயே வந்துவிட்டது, இருந்தும் என் புதிய சட்டையின் கை மூன்று துவைப்பில் முக்கால் அங்குலம் ஏறிவிட்டது.

அப்பா வாங்கிக் கொடுத்த இரண்டில் ஒன்று இன்னும் இருக்கிறது. காலர் மடிப்பு மட்டும் நைந்திருந்தது. எனக்கு வழக்கமாகத் தைப்பவரிடம் கொடுத்தேன். காலரைப் பட்டியிலிருந்து பிரித்து, அடிப்பக்கத்தை மேலாகத் திருப்பி, மறுபடி வைத்துத் தைத்துக் கொடுத்தார். தோள்பட்டைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் நாலு வருஷம் தாராளமா வரும் சார், இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார். நேற்று அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.