வளரும் நாடுகளில் தகவல் அமைப்புகளை நடத்துவது ஏன் சிரமமாக இருக்கிறது?

தகவல் அமைப்பு என்றால் கம்ப்யூட்டர் மட்டுமல்ல. விவரத்தைக் கேட்டு எழுதும் ஆள், எழுதும் முறை, சேர்த்து வைக்கும் இடம், அதைப் பார்த்து முடிவெடுப்பவர் எல்லாம் சேர்ந்ததுதான் அது.

மின்வெட்டும் பணத்தட்டுப்பாடும் காரணம்தான். ஆனால் பெரிய காரணம் வேறு. வடிவமைத்தவர் மனத்தில் இருக்கும் அலுவலகமும் நிஜ அலுவலகமும் ஒன்றல்ல. அந்த இடைவெளி கூடக் கூடத் திட்டம் கவிழும் வாய்ப்பும் கூடும் என்று ரிச்சர்ட் ஹீக்ஸ் என்ற ஆய்வாளர் 2002-ல் எழுதினார்.

உதாரணமாக, படிவம் 'குடும்பப் பெயர்' கேட்கும். நமக்கு ஏது அது? இருப்பது இனிஷியல். செட்டிநாட்டு வீடுகளில் மூன்று நான்கு எழுத்து விலாசமே (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) உண்டு. ஓரிடத்தில் அப்பா பெயர், இன்னோரிடத்தில் ஊர்ப் பெயர் என்று நிரப்பினால், ஒரே ஆள் மூன்று பதிவுகளில் மூன்று ஆளாகிவிடுவார்.

அப்புறம் ஆள் மாற்றம். பர்மாவில் லேவாதேவி நடத்திய நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கடைகளை நினைத்துப் பாருங்கள். கடையை நடத்தும் மேலாள் பெரும்பாலும் மூன்று வருடத்தில் ஊர் திரும்புவார், கடை நிற்காது. எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையன், மேலாளுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாள் என்று படிப்படியாகத் தொழில் பழகியவர்கள் இருந்தார்கள். ஐந்தொகை (மொத்தக் கணக்குச் சுருக்கம்) போட்டு ஊருக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. இன்றோ பல அலுவலகங்களில் சாஃப்ட்வேர் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவருக்கு மாற்றல் வந்தால் பாஸ்வேர்டும் அவரோடு பஸ் ஏறிவிடும் (அடுத்தாள் யாரும் இல்லையே!).

கணினி வந்ததும் எழுத்து வேலை குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; தொடக்கத்தில் நோட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்ற வேண்டியிருப்பதால் அது பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.