வாசகர் கேள்வி-பதில்: மலைவீட்டு விளம்பரத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஆசிரியைப் பணியிலிருந்து அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் சிறு வீடு ஒன்று வாங்க எண்ணியிருக்கும் வேளையில், ‘தேயிலைத் தோட்டத்தின் நடுவே 5 சென்ட் வில்லா, பஞ்சாயத்து அப்ரூவல், போர்வெல் தண்ணீர், இந்த வாரம் புக் செய்தால் 2 லட்சம் தள்ளுபடி’ என்ற விளம்பரம் கைபேசிக்கு வந்தது. நேரில் போவதற்கு முன்பே இதில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இந்த விளம்பரத்தில் இல்லை என்பதை முதலில் கவனியுங்கள். அவை இரண்டும் கிடைத்தால்தான் பட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நில விவரம் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு), வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணையத்திலேயே நீங்கள் சரிபார்க்க முடியும். கேட்ட பிறகும் ‘நேரில் வாங்க, சொல்கிறோம்’ என்று இழுத்தால், பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்பதற்கு மனைப்பிரிவைப் பொறுத்தவரை மதிப்பில்லை. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். மலைக் கிராமங்களில் ‘ஹாக்கா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவும் தேவைப்படும். மனைப்பிரிவின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டி, வீடுகளும் எட்டுக்கு மேல் இருந்தால் ‘ரெரா’ எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு கட்டாயம் என்பதால், அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அதில் காட்டப்பட்டுள்ள சர்வே எண்ணும் உங்களிடம் சொல்லப்பட்டதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வேறொரு திட்டத்தின் எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்ள எவருக்கும் அதிக நேரம் ஆகாது.

எனக்கு அதிக ஐயம் எழுப்புவது அந்த ‘5 சென்ட்’தான். ஒப்புதல் இல்லாத மனையை வீட்டுமனையாகப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடையாக இருப்பதால், ‘1 ஏக்கரில் 5 சென்ட் பிரிபடாத பாகம்’ என்று பத்திரம் எழுதித் தருவோர் இருக்கிறார்கள். அத்தகைய பத்திரத்தின் சொத்து விவரத்தில், நான்கெல்லை எழுதும் இடத்தில் முழு ஏக்கரின் எல்லைகளே இருக்கும். உங்கள் வேலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு வரியும் இராது. கூட்டுப்பட்டாவில் இருபது பேரில் ஒருவராக நிற்கும் உங்களுக்கு உட்பிரிவு, கட்டட அனுமதி, வங்கிக் கடன் என எல்லாமே இழுபறியாகிவிடும். ஆகவே முன்பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாதிரிக் கிரயப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, சொத்து விவரப் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

நீலகிரியில் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கும் பொக்லைன் கொண்டு மண் வெட்டுவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடு உண்டு. அப்படியிருக்க ‘போர்வெல் தண்ணீர்’ என்று பெருமையாக விளம்பரம் செய்பவரிடம் அனுமதி ஆணையைக் கேட்பதில் தவறில்லை. படங்களில் மேகத்தை விட்டுவிட்டு வீட்டின் பின்புறத்தைப் பாருங்கள்: செம்மண் புதிதாக, செங்குத்தாக வெட்டப்பட்டு, தடுப்புச்சுவரோ மழைநீர் வடிகாலோ இல்லாமல் நிற்கிறதா? 2009 நவம்பர் மழையில் இம்மாவட்டத்தில் நேர்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்பதாலேயே நிலம் சுத்தமாகிவிடாது. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலமா என்பதை வருவாய்த் துறையிலும் வனத்துறையிலும் தனியே விசாரிக்க வேண்டும். தள்ளுபடிக்கான அவசரம் உங்களுடையதன்று. ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் மனைவணிகர் முன்பணம் வாங்கக் கூடாது.

கேள்வி: கூடலூரில் சந்தை விலையில் பாதிக்கு வீட்டுடன் நிலம் வருகிறது. ‘அனுபவ நிலம், பட்டா விரைவில் கிடைக்கும், வீட்டு வரி ரசீது உண்டு’ என்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் இப்படிப் பட்டா இல்லாமல் அனுபவத்தில் மட்டும் இருப்பதாகச் சொல்லப்படும் நிலம் பெரும்பாலும் ‘செக்‌ஷன் 17’ நிலமாக இருக்கக்கூடும்; 1969ஆம் ஆண்டின் ஜென்ம எஸ்டேட் (ஜென்மிகளின் பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய நிலங்களுக்குப் பட்டா கிடைக்காமல் பல்லாண்டுகளாக மக்கள் போராடி வருகிறார்கள். வீட்டு வரி ரசீது வரி கட்டியதற்குச் சான்றே தவிர, நிலத்தின் உரிமைக்குச் சான்றாகாது.